திராட்சைப் பெட்டியில் ஓம மணம்

மாசி, பங்குனி மாதங்களில் குல்டேகடி மார்க்கெட் யார்டுக்குச் சென்ற நண்பர்கள், குவியல் குவியலாகப் பச்சைத் திராட்சையைக் கண்டிருப்பார்கள். அழுகியதை ஒதுக்கும் மூலையையும் சற்று எட்டிப் பார்த்திருந்தால் இக்கட்டுரையைப் பாதி படித்தவர்கள் ஆவார்கள்.

அழுகலுக்குக் காரணம் பூசணம். அதிலும் சாம்பல் பூசணம் பொல்லாதது; குளிரிலும் வளரும். நாசிக்கிலிருந்து கப்பலேறும் திராட்சைக்கு ஒரு காவல் உண்டு. சோடியம் மெட்டாபைசல்பைட்டு அடங்கிய தாள் ஒன்றைப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். பழம் விடும் ஈரம் பட்டதும் கந்தக டை ஆக்சைடு மெல்ல எழுந்து பூசணத்தைக் கொல்கிறது. நல்ல காவலாளிதான், ஆனால் அளவு மீறினால் பழத்தையே வெளுக்கச் செய்துவிடுவான். ஆஸ்துமாக்காரர் சிலருக்குச் சல்பைட்டு ஆகாது. பச்சையாக உண்ண விற்கும் காய்கனிகளில் அதைச் சேர்ப்பதை அமெரிக்கா 1986-ஆம் ஆண்டிலேயே தடை செய்தது.

எனவே விஞ்ஞானிகள் தைலங்களை நாடினார்கள். ஓமத்தின் தைமால், கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால்டிஹைடு ஆகியவை நீரை வெறுத்துக் கொழுப்பில் கரைபவை. பூசணத்தின் உயிரணுச் சவ்விலோ கொழுப்பே மிகுதி. அதற்குள் இவை புகுந்துவிட்டால் சவ்வு தளர்ந்து, உள்ளிருப்பது வெளியே கசிகிறது. மேலும், இவை ஆவியாகும் தன்மையுடையன. பழத்தைத் தொடாமலே பெட்டி முழுவதும் பரவும். ஸ்பெயின் நாட்டார் தைமாலையும் யூஜினாலையும் திராட்சைப் பொதிக்குள் இட்டு அழுகல் குறைவதை 2006-இல் காட்டினார்கள்.

உடனே நம்மவர் சிலர், "எங்கள் பாட்டி அரிசிப் பானையில் வேப்பிலை போட்டாளே, இதை அன்றே அறிந்தோம்!" என்று மார்தட்டுவார்கள். பாட்டியிடம் எனக்கும் அன்பு உண்டு. ஆனால் அரிசி உலர்ந்தது. அதன் பகை வண்டு. திராட்சையோ ஈரமானது, பறித்த பின்னும் மூச்சு விடுவது. அதன் பகை பூசணம். இரண்டும் ஒன்றாகுமா?

எனக்குள்ள ஐயம் வேறு. ஆய்வுக்கூடத் தட்டில் பூசணம் செத்தது என்பதோடு பல கட்டுரைகள் முடிந்துவிடுகின்றன. தட்டில் கொல்லப் போதுமான அளவு பழத்தில் போதுவதில்லை. அளவைக் கூட்டினாலோ வாசனை ஏறிவிடும். ஓம வாட்டர் குடித்து வளர்ந்த நமக்கே ஓமம் மணக்கும் திராட்சை பிடிக்குமா? இங்குள்ளவர்கள் 'ஓவா' என்று அதை வயிற்றுவலிக்குத் தேடுவார்களேயன்றிப் பழத்தில் தேடமாட்டார்கள். தைலத்தைச் சைக்ளோடெக்ஸ்டிரின் போன்ற மாவுக்கூட்டில் அடைத்து, சிறிது சிறிதாக வெளிவிடச் செய்யும் முறை இருக்கிறது. உழைப்பெல்லாம் அங்கே செல்ல வேண்டும். சோதனையும் குளிரறையில் மட்டும் நடந்தால் போதாது. சித்திரை வெயிலில் கைவண்டியில் கிடக்கும் பழத்தில் தைலம் எத்தனை நாள் தங்கும் என்பதல்லவா கேள்வி?

விலையையும் மறக்கக் கூடாது. ஏற்றுமதிப் பெட்டிக்கு எதுவும் தாங்கும். உள்ளூர்ச் சந்தைக்கு அனுப்புகிறவனுக்குப் பெட்டியின் விலையே பாரம்.

இவ்வகையில் கோயம்புத்தூர் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் இலங்கை ஆராய்ச்சியாளரும் 2012-இல் கைகோத்து, ஹெக்சனால் என்ற பொருளை எடுத்துக்கொண்டார்கள். செடிகள் தாமே உண்டாக்கும் பச்சை வாசனைப் பொருள் அது. பழத்தின் சவ்வைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, பழுப்பதைத் தாமதப்படுத்துவது. அதை மாமரத்திலேயே தெளித்தார்கள். வாழை நாரில் செய்த பொதியிலும் ஏற்றினார்கள். வாழை நார்! தார் வெட்டியபின் தோட்டத்தில் வீணே கிடக்கும் மட்டையிலிருந்து வருவது. ஓமத் தைலத்தையும் அப்படிப்பட்ட நாரில் ஏற்றிப் பார்த்தால் என்ன?

பார்ப்பதற்கு ஒரு பழமும் சொல்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அது சீக்கிரம் கெட்டுவிடும் பழம். கப்பல் அதற்கு எட்டாது. கம்பத்திலிருந்து கோயம்பேட்டுக்கு ஓரிரவு லாரிப் பயணம். குளிர்வண்டி வேண்டாம், சாதா லாரியே போதும். பாதிப் பெட்டிகளில் தைலம் ஏற்றிய நார், பாதியில் வெறும் நார். விடியற்காலையில் இறக்கி எண்ணிப் பார்க்கலாம். சுவையைச் சொல்ல வியாபாரியையே அழைக்கலாம்.