மணலில் தேயாத குளம்பு

பழவேற்காடு ஏரியை அடுத்த குப்பங்களில் மீன்பிடித் தொழிலோடு ஒரு கறவை மாடும் நாலைந்து ஆடுகளும் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மழையுமாகி வலை சும்மா கிடக்கும்போது, அடுப்பெரிய உதவுவது பால் காசுதான். மாடு நொண்டத் தொடங்குவதும் பெரும்பாலும் அதே ஈர நாட்களில்தான். மழைமீது பழி போட்டுவிடுவது சரியல்ல. கோளாறு கோடையிலேயே தொடங்கிவிடுகிறது.

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலை ஊன்றி நடக்கிறது. மாடும் ஆடும் இரண்டு விரல்களை ஊன்றி நடக்கின்றன. முன்னங்காலில் முழங்கால் என்று சொல்லப்படுவது உண்மையில் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்புறம் துருத்தி நிற்பது குதிகால். ஆக, இப்பிராணிகள் எப்போதும் விரல் நுனியிலேயே நிற்கின்றன. உடல் பாரம் முழுவதையும் தாங்கும் நகமே குளம்பு.

மாட்டின் குளம்பு மாதத்துக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வளரும். கட்டாந்தரையில் நடக்கும் மாட்டுக்கு அது நடையிலேயே தேய்ந்துவிடும். கரையோர மணலிலும் சேற்றிலும் அவ்வளவாகத் தேயாது. நுனி நீண்டு வளைந்தால் பாரம் குதிப்பக்கம் சாய்ந்து, மூட்டும் தசைநாரும் நோகும். பின்னங்காலின் வெளிப்புறக் குளம்பே அதிகம் பாதிக்கப்படும். மழையில் ஊறி மிருதுவானதும் குளம்பிடுக்கில் கிருமி புகுந்து அழுகல் காணும். கால் வலியுள்ள மாடு மேயப் போகாது. தீனி குறையும், பாலும் குறையும்.

வண்டி மாடுகள் நிறைந்திருந்த காலத்தில், லாடம் அடிப்பவர் முதலில் குளம்பைச் சீவிச் சமன் செய்வார். வண்டிகள் குறைந்தன, லாடக்காரர்களும் குறைந்தனர். கறவை மாட்டின் குளம்பைக் கவனிக்க ஆளில்லை. ஆகவே, கால்நடை மருத்துவ முகாம்களில் தடுப்பூசி, குடற்புழு நீக்கத்தோடு குளம்பு சீவுதலையும் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை போதும். அதில் ஒன்று மழைக்கு முன் புரட்டாசியில் நடைபெறுவது நல்லது. பால் கூட்டுறவுச் சங்கங்கள் ஊருக்கு ஓர் இளைஞரை இதில் பழக்கினால் அவருக்கும் ஒரு தொழிலாகும்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. கொட்டில் தரையை மேடாக்கி ஈரமின்றி வைக்க வேண்டும். மேய்ந்து திரும்பியதும் குளம்பிடுக்குச் சேற்றைக் கழுவித் துடைக்க வேண்டும். அழுகல் நாற்றம் கண்டால், பிளாஸ்டிக் வாளியில் 1 லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் மயில்துத்தம் கரைத்து, கழுவிய காலை அதில் நனைக்கலாம். இந்நீரைக் கால்நடைகள் குடித்துவிடக்கூடாது. செம்மறி ஆட்டுக்கு மிகவும் ஆபத்து. மிச்சத்தை ஏரியிலோ கால்வாயிலோ கொட்டலாகாது. மீன் குஞ்சுக்கும் இறாலுக்கும் அது நஞ்சு. ஏரிக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில் குழி தோண்டி ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று நாளில் குணம் தெரியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். வாயில் கொப்புளமும் எச்சில் ஒழுகலும் சேர்ந்திருந்தால் கோமாரியாக இருக்கலாம். உடனே மாட்டைத் தனியே கட்டி, மருத்துவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.

மாடு வாங்கும்போது சுழி பார்ப்பவரும் மடி பார்ப்பவரும் ஏராளம். குளம்பைத் தூக்கிப் பார்ப்பவர் குறைவு. கால் நன்றாக இருந்தால்தான் மடி நிறையும் என்பதை மறக்கலாகாது.