அட்டையில் முதல் பெயர், பந்தியில் கடைசி வட்டில்

மாதம் இருபதாம் தேதி கடந்துவிட்டால் நம் குடியிருப்புகளில் அடுப்பு எரியும். ஆனால் குழம்பில் பருப்பு இருக்காது. இருபத்தைந்தில் குழம்பும் போய் ரசமாகும். மாதக் கடைசியில் கஞ்சியும் மிளகாயுமாக நிற்கும். கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கட்டட வேலைக்குப் போகிறான் தகப்பன். பள்ளிக்கூடத்துச் சோற்றை நம்பி வெறும் வயிற்றோடு போகிறது பிள்ளை. எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியின் அடியைச் சுரண்டுகிறாள் தாய். "நீ சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்டால், "எனக்குப் பசியில்லை" என்கிறாள். இந்தப் பொய்யைச் சொல்லாத தாய் நம்மில் எத்தனை பேர்?

"ஏழைகள் எப்படியோ சமாளித்துக்கொள்வார்கள்" என்று வயிறு நிறைந்தவர்கள் சொல்கிறார்கள். தோழர்களே, இது சமாளிப்பு அல்ல. உடம்பை அடகு வைத்து வாங்கும் கடன்!

எண்ணிப் பாருங்கள். மளிகைக் கடையில் நோட்டுப் போட்டு வாங்குகிறோம். கடன்காரன் எடையையோ விலையையோ பேச முடிகிறதா? காதில் கிடந்த குண்டுமணித் தங்கம் அடகுக் கடைக்குப் போகிறது. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குகிறோம். அடுத்த ஆண்டின் கூலி இந்த ஆண்டே விலைபோகிறது. வாரத் தவணைக் கடன் வாங்கி அரிசி வாங்குகிறோம். தவணைக்காரன் வாசலில் வந்து நிற்கிறான். அவர்களின் அடாவடி வசூலைத் தடுக்க 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு ஓர் அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. எதுவும் கைகொடுக்காதபோது, மூத்த பெண்ணின் படிப்பை நிறுத்தி வீட்டு வேலைக்கு அனுப்புகிறோம். இத்தனை கடனுக்கும் வட்டி கட்டுவது யார்? பெண்ணும் பிள்ளையும்தான்.

அந்த வட்டி இரத்தத்தில் தெரிகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67. கர்நாடகத்திலும் ஏறத்தாழப் பாதிப் பெண்களுக்கு இந்தக் குறை உண்டு. சித்தாள் வேலையில் தலைச்சுற்றி உட்காருகிறவளைச் சோம்பேறி என்கிறார்கள். அவள் சோம்பேறி அல்ல; பட்டினிக்காரி.

'எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் ஏழை தாங்குவான்?' என்று கணக்குப் பார்ப்பது புதிதல்ல. நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன 1876-78 பஞ்சத்தில், நிவாரண வேலை செய்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம் போதும் என்றார் வெள்ளை அதிகாரி ரிச்சர்டு டெம்பிள். அது உயிர் காக்காது என்று எதிர்த்தார் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். யார் சொன்னது உண்மை என்பதைச் செத்தவர்கள் காட்டினார்கள். 1871-இல் ஐம்பது லட்சமாக இருந்த மைசூர் சமஸ்தானத்து மக்கள்தொகை, 1881-இல் சுமார் நாற்பத்திரண்டு லட்சம்!

இன்று பஞ்சம் இல்லை. கிடங்குகளில் தானியம் இருக்கிறது. மத்திய அரசு 1950-இல் நிறுவிய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நம் மைசூரில்தான், செலுவாம்பா மாளிகையில் இருக்கிறது. 1975 அக்டோபர் 2-இல் நாடெங்கும் 33 இடங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோது, பக்கத்திலுள்ள டி. நரசிபுரமும் அதில் ஒன்று. எல்லாம் இருக்கிறது. இருப்பது நம் சட்டிக்கு வருகிறதா என்பதே கேள்வி.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியமும், அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோவும் தருகிறது. 2023 ஜனவரி முதல் அது இலவசம். 5 கிலோ என்றால் நாளொன்றுக்கு 166 கிராம். அது முழுச் சாப்பாடு அல்ல, துணைதான். மீதியை வாங்கித் தின்ன வேண்டும். அந்தத் துணைகூட நமக்கு முழுதாகக் கிடைப்பதில்லை.

ஏன்? 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் கர்நாடகம் 2020 ஜனவரியிலும், தமிழ்நாடு 2020 அக்டோபரிலும் சேர்ந்தன. "எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம்" என்று முழங்கினார்கள். ஆனால் தமிழ்நாட்டு அட்டையோடு போன நம் சகோதரி, "உனக்கு இல்லை" என்று கேட்டுத் திரும்புகிறாள். சூட்சுமம் அட்டையில் உள்ள எழுத்துகளில் இருக்கிறது. பி.எச்.எச். என்றோ அந்தியோதயா என்றோ இருந்தால் அது மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை. மைசூர்க் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். ஒரு பகுதியை இங்கேயும், மீதியை ஊரில் உள்ளவர்கள் அங்கேயும் வாங்கிக்கொள்ளலாம். என்.பி.எச்.எச். என்று இருந்தால், அது தமிழ்நாடு அரசு தன் செலவில் அரிசி தரும் அட்டை. மாநில எல்லையோடு அதன் உரிமை நின்றுவிடுகிறது. திம்பம் மலைப்பாதையில் பஸ் ஏறி இறங்கும்போது பசியும் கூடவே வருகிறது. அரிசி மட்டும் சோதனைச் சாவடியில் நின்றுவிடுகிறது. இதுவா நியாயம்?

கர்நாடகம் 'அன்னபாக்யா'வில் தன் பங்காகத் தரும் கூடுதல் உதவியும் கர்நாடக அட்டைக்குத்தான். 2023 ஜூலை முதல் ஆளுக்கு 170 ரூபாய் பணமாகவும், 2025 பிப்ரவரி முதல் அரிசியாகவும் அது கொடுக்கப்பட்டது. ஆக, அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று நடுவில் நிற்பவர்கள் நாம். நம் உழைப்பில் எழுந்த கட்டடங்களுக்கு இந்த நகரில் விலாசம் உண்டு. நமக்கு இல்லை!

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. வெளிமாநிலத்தில் உழைக்கும் தன் மக்களின் அட்டைக்கு எல்லை தாண்டியும் அரிசி கிடைக்க, தமிழ்நாடு அரசு கர்நாடகத்தோடு பேசி வழி செய்ய வேண்டும். ஆண்டுக்கணக்கில் இங்கேயே வாழும் குடும்பங்களுக்கு, வாடகைச் சீட்டு இல்லை என்று விரட்டாமல் கர்நாடக அட்டை கொடுக்க வேண்டும். இ-ஷ்ரம் பதிவு செய்தும் அட்டையில்லாத தொழிலாளர்களுக்கு அட்டை வழங்கும்படி உச்ச நீதிமன்றம் 2023-இலும் 2024-இலும் உத்தரவிட்டது. அதை நிறைவேற்ற வேண்டும். 2011 கணக்கெடுப்பை வைத்து வரம்பு கட்டியதால், அதற்குப் பின் பெருகிய ஏழைகளுக்கு இடமில்லாமல் போயிற்று. அந்த வரம்பை உயர்த்த வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை கைகட்டி இருக்கலாமா? கூடாது. இருக்கும் உரிமையை இன்றே எடுத்துக்கொள்வோம். அங்கன்வாடியில் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உணவு தர வேண்டும் என்பது அதே 2013 சட்டம். 2017 அக்டோபரில் தொடங்கிய 'மாத்ருபூர்ணா' திட்டப்படி கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடியில் மதியம் சூடான சாப்பாடு உண்டு. "கன்னடம் தெரியாதே, போனால் என்ன நினைப்பார்களோ" என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். சுண்ணாம்புக் கூடையைச் சுமக்கும்போது நம்மை யாரும் பாஷை கேட்கவில்லை. சோற்றுக்கு மட்டும் ஏன் கூச்சம்? தனியாகப் போகத் தயங்கினால் நான்கு பேராகப் போங்கள். பக்கத்து வீட்டுக் கன்னடத்துச் சகோதரியையும் அழைத்துப் போங்கள். அவள் வீட்டு அடுப்பும் நம் வீட்டு அடுப்பைப் போலத்தான் எரிகிறது.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்காரிடம் பங்கு கேட்கும் நாம் வீட்டில் பங்கு சரியாகப் போடுகிறோமா? 2013 சட்டம், பதினெட்டு வயது நிரம்பிய பெண்களில் மூத்தவளையே ரேஷன் அட்டையின் குடும்பத் தலைவி என்று சொல்கிறது. அட்டையில் முதல் பெயர் அவளுடையது. பந்தியில் கடைசி வட்டிலும் அவளுடையது. இதை மாற்றுவதற்கு எந்த மந்திரியின் கையெழுத்தும் வேண்டாம். இன்று இரவே எல்லோரும் சேர்ந்து உட்காருங்கள். சட்டியில் இருப்பதை அவள் கண்முன்னால் பங்கு போடுங்கள். குறைந்தால் எல்லோருக்கும் குறையட்டும். அப்போதுதான் இந்த வீட்டில் உண்மையில் எவ்வளவு அரிசி போதவில்லை என்பது நமக்கே தெரியும். அவள் விழுங்கி மறைக்கும் பசி, எந்த அதிகாரியின் கணக்கிலும் ஏறாது. நம் சங்கத்தின் கணக்கிலும் ஏறாது.

வரும் ஞாயிறு மாதக் கூட்டத்துக்கு எல்லாக் குடும்பங்களும் ரேஷன் அட்டையையும் ஆதாரையும் எடுத்து வாருங்கள். எந்த எழுத்துள்ள அட்டை, எத்தனை உயிர், எத்தனை கிலோ, எந்தத் தேதியோடு அரிசி தீர்கிறது என்று வீடு வீடாகக் குறித்து, அந்தப் பட்டியலோடு அதிகாரிகளைச் சந்திப்போம்.

தாய்மார்களே, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்களே வாருங்கள். அட்டையில் இருப்பது உங்கள் பெயர்.