குஞ்சு தர முன்னர் கூடு தாருங்கள்



வாழ்வாதார உதவி என்று சொல்லி நம்ம ஊர்ப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கிறார்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே பேச வேண்டியிருக்கிறது.

பதாகை கட்டுவார்கள். அட்டைப்பெட்டியில் பத்துக் குஞ்சு இருக்கும். வாங்குகிற ராத்தாவின் முகத்துக்கு நேரே கெமரா பிடிப்பார்கள். படம் எடுத்து முடிந்ததும் வாகனம் போய்விடும். இரண்டு மாதம் கழித்து அதே வளவுக்குப் போய்ப் பாருங்கள். ஒன்று நாய்க்கு, இரண்டு கீரிக்கு, ஒன்று காகத்துக்கு, மிச்சம் மழைக்கும் நோய்க்கும் போயிருக்கும். கடைசியில் "இந்தச் சனத்துக்கு எதைக் கொடுத்தாலும் காப்பாற்றத் தெரியாது" என்று ஒரு பேச்சு வேறு வரும்.

பிழை வாங்கிய ராத்தாவிடம் இல்லை. கூடில்லாத வீட்டுக்குக் குஞ்சு கொடுத்தவர்களிடம்தான் பிழை.

2004 டிசம்பர் 26 இன் பிறகு கூடாரத்தில் கிடந்த கரையோரச் சனம் நாங்கள். தலைக்கு மேல் கூரை இல்லாமல் கையில் எதைத் தந்தாலும் நிலைக்காது என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. மனிசனுக்குள்ள அந்தக் கணக்குத்தான் கோழிக்கும்.

"உம்மம்மா காலத்தில் கோழிகள் முருங்கை மரத்தில்தானே படுத்தன, கூடா இருந்தது?" என்று சிலர் கேட்கிறார்கள். இருந்தது. எத்தனையோ வீடுகளில் கால் வைத்த மரக்கூடு ஒன்று இருந்தது, மஃரிபுக்குப் பிறகு அதை அடைக்க ஒரு பிள்ளையும் இருந்தது. வளவுகளும் அப்போது திறந்து கிடந்தன. இன்றைக்குப் பத்துப் பேர்ச் காணிக்கு மதில் கட்டியிருக்கிறோம், தெருவில் நாய்கள் கூட்டமாகத் திரிகின்றன. அவிழ்த்துவிட்ட கோழி பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்தியைக் கிளறும். அதில் தொடங்குகிற சண்டை பெருநாளைக்கும் தீராது. அயலவரின் உரிமை பற்றி எத்தனை பயான் கேட்டிருக்கிறோம்!

"நாட்டுக்கோழிக்கு நோய் வராது" என்பது இன்னொரு கதை. ராணிக்கெட் நோய் நாட்டுக்கோழி, ஊசிக்கோழி என்று பார்ப்பதில்லை. வந்தால் மருந்து கிடையாது, வர முன்னர் தடுப்பு மருந்து கொடுப்பதுதான் ஒரே வழி. மரத்தில் படுக்கிற கோழியை யார் பிடித்து மருந்து கொடுப்பது? கூட்டில் அடைகிற கோழியை விடிய முன்னர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கலாம். எந்த வயதில் எது என்று அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் கேளுங்கள். முட்டைக் கணக்கும் அப்படித்தான். அவிழ்த்துவிட்ட கோழி பற்றைக்குள் இட்டதில் பாதி உடும்புக்கும் பாம்புக்கும் போகிறது. பிறகு "கோழி முட்டை இடுவதில்லை" என்கிறோம்.

இது சின்ன விசயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், சோள விளைச்சல் விழுந்தது. தீவன விலை ஏறியது, முட்டை விலையும் கூடவே ஏறியது. 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று அரசாங்கம் உச்ச விலை வைத்தது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை இறக்கினார்கள். அந்த நாட்களில் முட்டையைக் கண்ணில் காணாத பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளில் இருந்தார்கள். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பத்தாம் வாய்பாடு ஏறாது.

சரி, கூடு என்றால் என்ன? மாளிகை ஒன்றும் கேட்கவில்லை. முதன்முதலாக வளர்க்கும் ஒரு வீட்டுக்கு ஆறு பேடு போதும். முட்டைக்கு மட்டும் என்றால் சேவலே தேவையில்லை.

ஆறு கோழி இரவு தங்க 4 அடி நீளம், 3 அடி அகலம் போதும். நிலத்திலிருந்து 3 அடி உயரத்தில் கால் வைத்துக் கட்டுங்கள். மழைத்தண்ணீர் ஏறாது, பகலில் கீழே நிழலும் கிடைக்கும். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் குறைவாக அடிக்கும். மாரியில் நமக்குக் காற்றும் மழையும் வடகிழக்கிலிருந்து வருகின்றன. அந்தப் பக்கத்துக்குப் பலகை அடியுங்கள், மற்றப் பக்கங்களில் மேல்பாதியைக் கம்பிவலையாக விடுங்கள். காற்றோட்டம் இல்லாத கூட்டில் எச்சத்தின் நெடி கோழியின் மூச்சைக் கெடுக்கும். தகரக்கூரை என்றால் மேலே கிடுகு போடுங்கள், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் அது அடுப்புத்தான்.

உள்ளே படுக்க ஒரு குறுக்குச்சட்டம், கோழிக்கு 8 அங்குலம் வீதம். முட்டையிட ஒரு அடிச் சதுரத்தில் இரண்டு பெட்டி. சட்டம் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டிக்குள் படுத்து முட்டையை அழுக்காக்கும். பகலில் மேய, கூட்டோடு சேர்த்து 10 அடிக்கு 6 அடி வலையடைப்பு. கோழிக்குப் பத்துச் சதுர அடி வரும். பருந்துக்கும் காகத்துக்கும் மேலேயும் வலை வேண்டும்.

வலையில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கடையில் "கோழி வலை" என்று விற்கும் ஆறுமூலைக் கண் வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், நாய் உள்ளே வராமல் தடுக்காது. இரவுக்கூட்டுக்கு அரை அங்குலக் கண் வெல்ட் மெஷ் போடுங்கள். நம்ம ஊர் மண் மணல். நாய் ஐந்து நிமிசத்தில் தோண்டிவிடும். அதனால் அடைப்பைச் சுற்றி வலையை ஒரு அடி ஆழத்துக்குப் புதைக்க வேண்டும். கடற்காற்றில் சாதாரணக் கம்பி துருப்பிடித்துப் போகும், நாகம் பூசியதையே வாங்குங்கள். இன்னொன்று, கிணற்றுக்குப் பக்கத்தில் கூடு வேண்டாம். மணலில் இறங்கும் அழுக்கு நேரே நாம் குடிக்கிற தண்ணீருக்குத்தான் போகும்.

தீனிச் செலவையும் மறைக்கவில்லை. முட்டையிடும் கோழி நாளைக்கு 120 கிராம் வரை தின்னும், ஆறுக்கு மாதம் 22 கிலோ அளவில் வரும். சோற்று மிச்சம், முருங்கை இலை, தேங்காய்ப் பூ கொஞ்சம் கைகொடுக்கும். கடற்கரையில் கிடக்கும் சிப்பியை இடித்து வைத்தால் முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து. கருவாட்டுத் தலையை மட்டும் போடாதீர்கள், அந்த உப்பு கோழிக்கு ஆகாது. நல்ல இனப் பேடு வாரத்துக்கு ஐந்து முட்டை தந்தால் ஆறுக்கும் முப்பது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு வாரம் ஆறு முட்டை. படம் பிடிக்கும் விழா எதுவும் இதைத் தராது.

"கூட்டுக்குச் செலவு அதிகம், அந்தக் காசில் இருபது வீட்டுக்குக் குஞ்சு கொடுக்கலாமே" என்பார்கள். இருபது வீட்டில் சாகிற இருநூறு குஞ்சை விட நான்கு வீட்டில் நிற்கிற நான்கு கூடு மேல். நல்ல கூடு வருசக்கணக்கில் நிற்கும். ஒரு தொகுதி கோழி முடிந்தால் அடுத்ததை வைக்கலாம். கூலியும் நம்ம ஊர்த் தச்சன் வீட்டுக்குத்தான் போகும்.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும், நலன்புரிச் சங்கங்களுக்கும், கட்டாரிலும் சவூதியிலும் இருந்து காசு அனுப்புகிற தம்பிமாருக்கும் நாங்கள் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, கூடில்லாத வீட்டுக்குக் குஞ்சு கொடுக்காதீர்கள்.

இரண்டு, ஒரு மாதக் குஞ்சை விட்டுவிட்டு, தடுப்பு மருந்து கொடுத்த நான்கு மாதப் பேடாகக் கொடுங்கள்.

மூன்று, கொடுத்த நாளில் எடுக்கும் படம் வேண்டாம். ஆறு மாதம் கழித்து வந்து, கூட்டுக்குள் கையை விட்டு முட்டை எடுக்கிற பிள்ளையிடம் எத்தனை என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லுங்கள், நாங்களே உங்களுக்குப் பதாகை கட்டுகிறோம்.