தகுதியுள்ளவர் கிடைக்கவில்லையாம்!

மத்திய சர்வகலாசாலைகளில் நம்மவர் ஏன் ஆசிரியராயில்லை என்றால், "தகுதி, திறமை" என்பார்கள். அந்தக் கணக்கைக் கேளுங்கள். 2017-ல் காசி இந்து சர்வகலாசாலை வழக்கில் அலகாபாத் ஹைகோர்ட்டு, ஒதுக்கீட்டை மொத்தமாக எண்ணாமல் இலாகா இலாகாவாக எண்ணச் சொல்லிற்று. 2018-ல் யு.ஜி.சி.யும் அவ்விதமே உத்தரவிட்டது. வரிசைப்படி 4-வது இடம் பிற்பட்டவருக்கு, 7-வது தாழ்த்தப்பட்டவருக்கு, 14-வது பழங்குடியினருக்கு. மூன்றே ஆசிரியருள்ள இலாகாவில் நாலாவது நாற்காலி எங்கிருந்து முளைக்கும்? பெருங் கிளர்ச்சிக்குப் பிறகே 2019-ல் சட்டம் செய்து இதை மாற்றினார்கள்.

டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கும் இதே சங்கதிதான். 2016 விதியில் எழுத்துப் பரீட்சை வாசலோடு சரி, உள்ளே விடுவது பேட்டிதான். 2018-ல் எழுத்துக்கு 70, பேட்டிக்கு 30 என்றாக்கினார்கள்.

இன்றும் பேட்டி நடத்திவிட்டு, "தகுதியுள்ளவர் எவருமில்லை" என்றெழுதி ஒதுக்கிய நாற்காலியைக் காலியாக வைக்கிறார்கள். மனுப் போட்டவர் எத்தனை பேர், அவர்கள் படிப்பென்ன, பேட்டி கண்டவர்கள் யார் யார் என்று அச்சிட்டு வெளியிடட்டுமே, பார்ப்போம்!