பிள்ளைக்கு அரைப்பேர் போடாதீர்கள்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகிவிட்டன. பெரட்டுக் களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கோவிலடியிலும் இப்போது இதே பேச்சுத்தான். "உங்க மகனுக்கு எத்தனை ஏ?", "எங்க பிள்ளைக்குக் கணக்குப் போயிருச்சு", "மேல் லயத்துப் பாப்பா ஒம்பது பாடமும் பாஸாம்." சில வீடுகளில் கேசரி கிண்டி அக்கம் பக்கத்துக்குக் கொடுக்கிறார்கள். சில காம்பராக்களில் பகலிலும் கதவு சாத்தியிருக்கிறது. அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் இருக்கும் அப்பா அம்மாவோடும் பிள்ளையோடும்தான் இம்மாதம் நமது சங்கப் பத்திரிகை பேச விரும்புகிறது.

பெற்றோரின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியாததல்ல. விடியற்காலையில் எழுந்து, ரொட்டி சுட்டு வைத்து, அட்டைக்கடியிலும் மழையிலும் மலையேறி உழைத்த காசில் கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். டியூஷன் காசுக்காகக் கடையில் கடன் சொல்லியிருக்கிறோம். "நாங்க படுற பாடு நீ படக்கூடாது" என்று பத்து வருஷமாகச் சொல்லி வளர்த்த பிள்ளை, தொலைபேசித் திரையில் மூன்று டபிள்யூவைக் காட்டும்போது நெஞ்சு எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலில் கை நீள்கிறது. வாய் நீள்கிறது. "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுகிறோம். மறுநாளே கொழும்புக் கடைக்காரருக்கு போன் போடுகிறோம்.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்தத் தாளைச் சரியாகப் படிப்போம்.

மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்தால் நாம் கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதில்லை. எத்தனை பேர் விழுந்திருக்கிறது, சேமலாப நிதிக்கு எவ்வளவு, முற்பணம் எவ்வளவு கழித்தார்கள் என்று வரி வரியாகப் பார்க்கிறோம். பெறுபேற்றையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒன்பது பாடங்கள். 75 புள்ளியும் அதற்கு மேலும் ஏ. 65 முதல் 74 வரை பி. 50 முதல் 64 வரை சி, அதாவது திறமைச் சித்தி. 35 முதல் 49 வரை எஸ், சாதாரண சித்தி. 35க்குக் கீழே போனால் டபிள்யூ. டபிள்யூ என்று இருந்தால் பிள்ளை எடுத்தது 34 ஆகவும் இருக்கலாம், 4 ஆகவும் இருக்கலாம். தாள் அதைச் சொல்லாது. பாட ஆசிரியரைக் கேட்டால் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று ஓரளவு தெரியவரும். தமிழில் சி, சமயத்தில் பி, வரலாற்றில் எஸ், கணிதத்தில் டபிள்யூ என்றால் அந்தப் பிள்ளைக்குப் படிப்பே வராது என்று அர்த்தமல்ல. கணிதம் என்ற ஒரு பாடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அடுத்து, அந்தத் தாளைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே மட்டும் பிடிக்காமல், பாடசாலையின் முகத்துக்கு நேரேயும் பிடித்துப் பார்ப்போம்.

மலையில் கொழுந்தே இல்லை. வரட்சி, அல்லது உரம் போட்டு நாளாகிவிட்டது, அல்லது கான் வெட்டாமல், புல்லு வெட்டாமல் மலை காடாகிக் கிடக்கிறது. அந்த நாளில் தோட்டம் சொன்ன கிலோவை எடுக்கவில்லை என்று அரைப்பேர் போட்டால் நாம் சும்மா இருக்கிறோமா? தலைவரைக் கூப்பிடுகிறோம். ஒபீஸ் வாசலில் நிற்கிறோம். "மலையைத் துப்புரவாக வச்சிருக்கிறது தோட்டத்தின் வேலை. கொழுந்து இல்லாத மலையில் கிலோ கேட்கிறது என்ன நியாயம்?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்வி.

இப்போது நம் பிள்ளையின் கணக்கைப் பார்ப்போம். பத்தாம், பதினோராம் தரங்களில் கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருந்தாரா? விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் இருந்ததா? ஆங்கில ஆசிரியர் மாற்றலாகிப் போனபின் அந்த இடத்துக்கு யாராவது வந்தார்களா? மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஆசிரியர் பற்றாக்குறை என்பது இன்று நேற்று வந்ததல்ல. ஆசிரியரே இல்லாமல் ஒரு வருஷம் இருந்த பிள்ளையிடம் 35 புள்ளி எடுக்கவில்லை என்று சண்டை பிடிப்பது, கொழுந்தில்லாத மலையில் கிலோ கேட்பதற்குச் சமம். தோட்டம் நமக்கு அரைப்பேர் போட்டால் எதிர்த்து நிற்கும் நாம், வீட்டுக்குள் வந்து நம் பிள்ளைக்கு அரைப்பேர் போடுகிறோம்.

பிள்ளையின் பக்கத்தில் பிழையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு இரவைக் கழித்த பிள்ளை உண்டு. வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டவுனில் நின்ற பிள்ளையும் உண்டு. அதைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் எது பிள்ளையின் பிழை, எது பாடசாலைக்குக் கிடைக்காமல் போனது என்று பிரித்துப் பார்த்த பிறகு கண்டிக்க வேண்டும். ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளை கணிதத்தில் தவறினால் அது அந்த இரண்டு வீட்டுப் பிரச்சினை. வகுப்பில் பாதிக்கு மேல் தவறினால் அது வலயக் கல்வி அலுவலகத்தின் பிரச்சினை.

இந்தக் குறை எப்படி வந்தது என்பதையும் இளம் பெற்றோர் தெரிந்திருக்க வேண்டும். இலவசக் கல்வி இந்த நாட்டுக்கு 1945 இல் வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்தப் பந்தியில் உட்காரவில்லை. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை என்று துரைமாரின் தயவில்தான் அவை நெடுங்காலம் கிடந்தன. 1948 இல் குடியுரிமையும் பறிக்கப்பட்ட பிறகு கேட்பதற்கு வாக்கும் இல்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். நாடு ஓடத் தொடங்கி முப்பது வருஷத்துக்குப் பிறகுதான் நம்மைக் கோட்டில் நிறுத்தினார்கள். அப்படியிருந்தும் இன்று நம் லயங்களிலிருந்து ஆசிரியர்களும் தாதியரும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் பொறியியலாளர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் முதல் தடவையிலேயே எல்லாப் பாடமும் சித்தியடைந்தவர்கள் அல்லர்.

தோழர்களே, ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்தை நினைத்துப் பாருங்கள். கேட்டுப் போராடிய பிறகு 2016 இல் கிடைத்தது 730 ரூபா. 2019 இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. ஆயிரம் கைக்கு வந்தது 2021 இல். முதல் பேச்சுவார்த்தையில் கிடைக்கவில்லை என்று நாம் கொடியைச் சுருட்டி வைத்தோமா? சங்கத்தைக் கலைத்தோமா? ஒரு சம்பள உயர்வுக்கு இத்தனை வருஷம் பொறுத்துப் போராடத் தெரிந்த நாம், பதினாறு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது தடவை கொடுக்க மறுப்பது சரியல்ல.

இரண்டாவது தடவைக்கு வழி இருக்கிறது. உயர்தர வகுப்புக்குப் போகப் பொதுவாகத் தேவைப்படுவது தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றில் மூன்றில் சி அல்லது அதற்கு மேலும். தவறிய பாடத்தை மட்டும் மீண்டும் எழுதலாம். எல்லாப் பாடத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. புள்ளியில் சந்தேகம் இருந்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறிப்பிட்ட காலம்தான் தருவார்கள், ஆகவே உடனே அதிபரைப் பார்க்க வேண்டும். 2017 இல் ஆரம்பிக்கப்பட்ட 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவு, சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைகளையும் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் 12ஆம் தரத்துக்குச் சேர்த்துக்கொள்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் மின்னியல், வாகனம் திருத்தல், தையல், குழாய் வேலை போன்ற பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றில் கிடைக்கும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் படிப்படியாக ஏழாம் மட்டம், அதாவது பட்டம் வரை போகும் ஏணி. தமிழில் நடக்கும் பயிற்சிகள் போதாது என்பது உண்மை. அது சங்கம் தொடர்ந்து கேட்க வேண்டிய விஷயம்.

கொழும்புக்கு அனுப்புவதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். பெறுபேறு வந்த கிழமையில்தான் தரகர்கள் லயத்துக்கு வருகிறார்கள். "பாஸ் இல்லாத பிள்ளையை வச்சு என்ன செய்யப் போறீங்க? சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கொடுத்து மாசம் இவ்வளவு" என்பார்கள். கையில் கொஞ்சம் முற்பணமும் வைப்பார்கள். 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். கட்டாயக் கல்வியும் 16 வயது வரை. 18 வயது வரை ஆபத்தான வேலைகளில் அமர்த்தக் கூடாது. 2021 இல் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்த நம் மலையகச் சிறுமி தீக்காயங்களோடு இறந்ததை இந்த மலைகள் மறக்கவில்லை. அந்த நாளில் தெருவில் இறங்கி நியாயம் கேட்ட நாம், இன்று ஒரு டபிள்யூவுக்காக இன்னொரு பிள்ளையை அதே பஸ்ஸில் ஏற்றிவிடக் கூடாது.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வாரம் இரட்டைப் பாரம். மகன் தவறினால் "அடுத்த முறை பார்ப்போம்" என்கிற அதே வீட்டில், மகள் தவறினால் "சரி, கல்யாணத்தைப் பார்ப்போம்" என்று பேச்சு எழுகிறது. அண்ணனுக்கு உள்ள இரண்டாவது தடவை தங்கைக்கும் உண்டு.

நல்ல பெறுபேறு வந்த வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. கொண்டாடுங்கள், தப்பில்லை. ஆனால் ஒன்பது ஏ எடுத்த பிள்ளை டாக்டராகத்தான் வேண்டும் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதாதீர்கள். விஞ்ஞான, கணிதப் பிரிவுள்ள தமிழ்ப் பாடசாலைகள் நம் பகுதியில் மிகக் குறைவு. அங்கே ஆசிரியர் இருக்கிறாரா, தங்கிப் படிக்க வழி இருக்கிறதா, பிள்ளைக்கு எதில் விருப்பம் என்று பார்த்து முடிவெடுங்கள். கலைப்பிரிவில் படித்து பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போன பிள்ளைகள்தான் இன்று நம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கோவில் முன்னால் பெரிய பதாகை கட்டும்போது, ஆறு பாடம் சித்தியடைந்த பிள்ளையின் பெயரையும் போடுங்கள். லயத்து விளக்கடியில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டே படித்து ஆறு பாடம் எடுப்பது சின்ன விஷயமல்ல.

இனி, எல்லாவற்றையும் விட முக்கியமானது. பரீட்சை முடிவைத் தாங்க முடியாமல் உயிரை விட்ட பிள்ளைகளின் செய்தி ஒவ்வொரு வருஷமும் நம் காதில் விழுகிறது. பேசாமல் ஒதுங்கியிருக்கும் பிள்ளையை, சாப்பிடாமல் படுத்திருக்கும் பிள்ளையை, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று சொல்லும் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு மலைக்குப் போகாதீர்கள். அன்றைய பேர் போனால் போகட்டும். திட்டுவதற்கு முன் "வா தம்பி, சாப்பிடு", "வா பாப்பா, உட்காரு" என்று கூப்பிடுங்கள். வீட்டில் பேச முடியாத நிலை என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும், சிறுவர் தொடர்பில் 1929 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அப்பா குடித்துவிட்டு வந்து அடிக்கும் வீடென்று பக்கத்துக் காம்பராவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் கதவைத் தட்டுவது அயலாரின் கடமை.

தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்த மாதம் செய்ய வேண்டிய வேலை மூன்று. ஒன்று, பெறுபேறு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தடவை போய், பிள்ளை அடுத்து என்ன செய்யப் போகிறது என்று கேட்பது. தரகர் போவதற்கு முன் நாம் போக வேண்டும். இரண்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் பெற்றோரைக் கூட்டிப்போய், எந்தப் பாடத்தில் எத்தனை பிள்ளை தவறினார்கள், அந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை என்ற கணக்கைக் கேட்டு எழுதி வாங்குவது. அரை நாள் வேலை போகிறதே என்று யாரும் பின்வாங்கக் கூடாது. மூன்று, அந்தக் கணக்கை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பி வைப்பது. ஒரு பாடசாலையின் கணக்கை மட்டும் கொண்டுபோனால் அதிகாரிகள் தட்டிக் கழிப்பார்கள். ஐம்பது தோட்டத்தின் கணக்கை ஒன்றாக மேசையில் வைத்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தையில் நாம் கற்ற பாடம் அதுதான்.

அடுத்த பரீட்சைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. தவறிய பிள்ளை இன்றிரவு புத்தகத்தைத் திரும்பத் திறக்குமா, இல்லை பையைக் கட்டுமா என்பது, வேலை விட்டு வந்து நாம் சொல்லும் முதல் வார்த்தையில் இருக்கிறது.