இழை அறுந்தால் மெமோவா?

பஞ்சாலைத் தொழிலாளி சரியாக வேலை செய்வதில்லையாம்! உற்பத்தி குறைந்துவிட்டதாம்! உடனே மெமோ, அடுத்தது சஸ்பெண்டு. முதலாளிமார்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்து இது ஒன்றுதான்.

நாம் கேட்கிறோம்: ரிங் பிரேமில் இழை ஏன் அறுகிறது? மலிவான குட்டை இழைப் பஞ்சைக் கலவையில் போட்டது யார்? ஈரக்காற்று யந்திரத்தை நிறுத்தி மின்சாரக் காசை மிச்சம் பிடித்தது யார்? தேய்ந்த ரிங்கையும் டிராவலரையும் மாற்றாமல் ஓட்டச் சொன்னது யார்? சைடரா? அறுந்த இழையை ஓடி ஓடி இணைப்பவரல்லவா அவர்! இழை அதிகம் அறுந்தால் ஓட்டமும் அதிகம். அப்படியும் நூல் குறையும். அதிகம் ஓடியவருக்கே மெமோ! முற்றிய நாற்றைக் கொடுத்துவிட்டு, பயிர் தூர் கட்டவில்லை என்று நடவுப் பெண்களை ஏசும் மிராசுதாரின் நியாயம்தான் இது.

அமெரிக்காவில், பிலடெல்பியா நகர ஆலை ஒன்றின் கதையைக் கேளுங்கள். 1923-ம் வருஷம். மற்றப் பகுதிகளில் வருஷத்துக்கு நூற்றுக்கு 5, 6 பேர்தான் வேலையை விட்டுப் போனார்கள். நூற்புப் பகுதியிலோ 40 பேரை நிறுத்திவைக்க வருஷத்துக்குச் சுமார் 100 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. போனஸ் ஆசை காட்டி நான்கு திட்டங்கள் போட்டார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. எல்டன் மேயோ என்ற பேராசிரியர் வந்து விசாரித்தார். (தொழிலாளர் கட்சிக்காரர் அல்ல, முதலாளிகளுக்கு வேண்டியவர்தான்.) நாளைக்கு 10 மணி நேரம் யந்திரத்தோடு நடந்து நடந்து தொழிலாளிகளுக்குக் காலெல்லாம் வலி, மனதில் சோர்வு. காலையில் இரண்டு தடவை, பிற்பகலில் இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிஷம் படுத்து இளைப்பாற விட்டார்கள். உற்பத்தி ஏறியது. அதுவரை கண்ணில் படாத போனஸ் கைக்கு வந்தது!

1924 பிப்ரவரியில், அவசர ஆர்டர் என்று மேற்பார்வையாளர்கள் ஓய்வை வெட்டினார்கள். சில நாட்களிலேயே உற்பத்தி சரிந்தது. ஆலை அதிபரே தலையிட்டு ஓய்வைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. ஆட்கள் அதே ஆட்கள்தான்!

சோம்பேறி ஒருவர்கூட இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. கணக்கு எடுத்துப் பார் என்கிறோம். எந்தப் பிரேமில், எந்த ஷிப்டில், எந்தக் கலவையில் எத்தனை இழை அறுந்தது? மூன்று ஷிப்டிலும் ஒரே பிரேமில் அறுந்தால் கோளாறு பிரேமில். எல்லாப் பிரேமிலும் அறுந்தால் பஞ்சையும் காற்றையும் பார். ஒரே சைடரிடம் மட்டும் அறுந்தால், அவருக்கு வேலை பழக்கினார்களா, எத்தனை சைடு தலையில் கட்டினார்கள் என்று முதலில் பதில் சொல்லட்டும்.

மெமோ வாங்கிய தோழர்களே! இந்தக் கணக்கை எழுத்து மூலம் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்ததையும் விசாரணையில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.