சர்டிபிகேட் கோல் போடுமா?

நம்ம ஊரில் கால்பந்து ஆடுகிற பையனுக்கு எதிரணி டிஃபெண்டரைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது. அதன் பெயர், பிளாஸ்டிக் ஃபைல்!

ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கேட்டுப் போகிற பையனிடம், ‘நீ எந்த பொசிஷன்? இடது காலில் அடிப்பியா?’ என்பது முதல் கேள்வியாக இருப்பதில்லை. ‘மாநில அளவு சர்டிபிகேட் இருக்கா?’ என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால், ‘அடுத்த ஆள் வாப்பா!’

இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால், அங்கே வரிசையைத் தீர்மானிப்பது ஆட்டம் அல்ல, சான்றிதழ். சர்வதேசம், தேசியம், மாநிலம் என்று படிக்கட்டு வைத்து மார்க். ஓட்டப்பந்தய வீரனுக்கு இது ஓரளவு சரி. பதினொரு பேர் ஆடும் ஆட்டத்துக்கு?

ஒரு கணக்கு போடுங்கள். பள்ளி மாணவர்களுக்கான மாநில கால்பந்து அணியில் இருபது பேருக்குள்தான் இடம். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38. ஆக, மாவட்டத்துக்கு ஒருத்தன்கூடத் தேற மாட்டான்! காட்பாடியில் ஒரு சுமாரான பள்ளி அணியில் ஒரு அற்புதமான கோல்கீப்பர் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் பத்து கோலைத் தடுத்தாலும், அவன் அணி ஒரு கோல் போடவில்லை என்றால் மாவட்டப் போட்டியோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். சர்டிபிகேட்டும் போச்சு, சீட்டும் போச்சு. பெரிய அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் கையில் முதல்தரமான காகிதம் இருக்கும். இது எந்த ஊர் நியாயம்?

‘திறமை இருக்கிறவன் எங்கிருந்தாலும் மேல வந்துடுவான் சார்’ என்று சொல்வதற்கு ஒரு கூட்டம் எப்போதும் ரெடி. உதாரணத்துக்கு சதீஷ் சிவலிங்கத்தைக் காட்டுவார்கள். பாலாற்றுக்கு அந்தப் பக்கம், சத்துவாச்சாரிக்காரர். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149-ம் 179-மாக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்டு கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். வேலூர் மண்ணுக்கே பெருமை, சந்தேகமில்லை.

ஆனால், பளுதூக்குதலில் கம்பியில் மாட்டிய எடை பொய் சொல்லாது. சத்துவாச்சாரியில் 149 கிலோ என்றால் கிளாஸ்கோவிலும் 149 கிலோதான். கால்பந்தில் அப்படி ஒரு தராசு கிடையாது. எதிராளியின் பாஸ் எங்கே போகும் என்று இரண்டு நொடி முன்பே மோப்பம் பிடித்து, சத்தமில்லாமல் போய் நிற்கிறானே ஒரு டிஃபெண்டர், அவனை எந்த எண்ணில் எழுதுவீர்கள்? அவனைக் கண்டுபிடிக்க ஒரே வழி, விஷயம் தெரிந்த ஒருவர் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து முழு மேட்ச்சையும் பார்ப்பது. அந்த ஒருவர்தான் வருவதே இல்லை!

‘அதான் ட்ரையல்ஸ் வைக்கிறோமே’ என்கின்றன கல்லூரிகள். எங்கே? பெரும்பாலும் சென்னையில். எப்படி? முன்னே பின்னே பார்த்திராத இருபத்திரண்டு பேரை இறக்கிவிட்டு அரை மணி நேரம். ‘நம்மைக் கவனிக்கணுமே’ என்ற பயத்தில் ஒருத்தனும் பாஸ் கொடுக்க மாட்டான். நாலு பேரை வெட்டி ஓடுகிறவன் கண்ணில் படுவான். பின்னால் நிற்கிறவனுக்குப் பந்தே வராது. இதற்காக ஒரு தோல் தொழிற்சாலைத் தொழிலாளி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு 130 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும்.

அமெரிக்காவில் ‘ஃபுட்பால்’ என்றால் ஹெல்மெட் மாட்டி மோதுகிற ஆட்டம். அங்கே பெரிய கல்லூரி அணி ஒவ்வொன்றும் 2024 வரை 85 பேருக்கு முழு உதவித்தொகை கொடுக்க முடிந்தது. கோச்சுகள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளி மேட்ச் பார்க்கிறார்கள். அவர்கள் எப்போது போகலாம், எப்போது பேசலாம் என்பதற்கே தடிமனான விதிப் புத்தகம் உண்டு! அதுவும் சொர்க்கம் இல்லை, கோடிகள் புரளும் வியாபாரம்தான். ஆனாலும், அங்கே கல்லூரி பையனைத் தேடுது. இங்கே பையன் கல்லூரியைத் தேடி அலையுறான்.

நம்ம ஆட்களிடம் சரக்கு இல்லையா என்ன? வியாசர்பாடியில் ஆடி வளர்ந்த தனபால் கணேஷ், 2017-18-ல் ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடினார். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். இவர்களெல்லாம் சிறு வயதில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டவர்கள். கண்ணில் படாமல் போனவர்கள் எத்தனை பேர்? அதற்குத்தான் எந்த ஃபைலிலும் கணக்கு இல்லை.

கல்லூரி நிர்வாகங்களே, கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மாவட்டப் பள்ளிப் போட்டிகள் நடக்கும்போது உங்கள் கோச்சை அனுப்புங்கள். ஒரு நாள் ட்ரையல்ஸை காட்பாடியில் வையுங்கள். சென்னையிலிருந்து வருகிற ரயில்களுக்கு இங்கே ஸ்டாப்பிங் உண்டு, இறங்கத்தான் ஆள் இல்லை! எத்தனை இடம், எந்த பொசிஷனுக்கு ஆள் தேவை என்று முன்கூட்டியே அறிவியுங்கள். சர்டிபிகேட்டையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பேர் சமமாக ஆடினால் அப்போது பாருங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘சீட் தர்றோம்’ என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிடாதீர்கள். ஃபீஸ் முழுசா தள்ளுபடியா, பாதியா? ஹாஸ்டல், சாப்பாடு யார் செலவு? இரண்டாம் வருஷம் முழங்காலில் அடிபட்டுப் படுத்தால் சலுகை தொடருமா, காசு கட்டச் சொல்வார்களா? எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பையனை பரீட்சையும் எழுதச் சொல்லுங்கள். லிகமென்ட் கிழிந்தால் டிகிரிதான் தாங்கும்.

ஆம்பூர், உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊர். அதில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு, காலேஜ் கோச்சுகள் ஒரு நாள் இந்தப் பக்கமும் நடந்துதான் பார்க்கட்டுமே!